காற்றில் விழுந்த இலை

நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஐயா. மேசையை மட்டும் சுவரோரம் தள்ளிவிட வேண்டும். மேசை இருந்தால் ஆட்கள் அதன் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். நீங்கள்கூட இப்போது அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் பழக்கம்.

விளையாட்டு நடத்துவதுதான் என் தொழில். மென்பொருள் எழுதுகிற குழு அடுத்து எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவெடுக்க வேண்டும் அல்லவா? நான் வருவதற்கு முன்னால் அதைக் கூட்டம் போட்டுச் செய்தார்கள். மேலாளர் பேசுவார், மற்றவர்கள் மேசைக்கு அடியில் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பார்கள். நான் வந்து சுவர் நிறைய ஒரு மரம் வரைந்தேன். செய்ய வேண்டியதை ஒவ்வொருவரும் பச்சைக் காகித இலையில் எழுதி ஒட்ட வேண்டும். அடிமரத்தை ஒட்டியிருக்கும் இலை உடனே செய்ய வேண்டியது. கிளை நுனியில் இருப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த இலை எங்கே என்று எல்லோரும் சேர்ந்து பேரம் பேசி, மல்லுக்கட்டி, நகர்த்துவார்கள். மேலாளர் தலையில் ஒரு காகிதக் கிரீடம். கிரீடம் வைத்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

முதல் நாள் எழுந்த சிரிப்பில் வரவேற்பறைப் பெண் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். வடிவமைப்பாளர் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தார்கள். அன்று வீட்டுக்கு நான் நடந்து போனேனா மிதந்து போனேனா என்று தெரியாது. என் மனைவி கதவைத் திறந்து, "என்ன, யாராவது திட்டினாங்களா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு" என்றாள். என் முகத்தில் சந்தோஷத்தை அவள் அதிகம் பார்த்ததில்லை.

அவர்கள் செய்துகொண்டிருந்தது நல்ல பொருள். தனியாக வாழ்கிற பெரியவர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள். விழுந்துவிட்டால் பட்டை கண்டுபிடித்துப் பிள்ளைகளின் கைபேசிக்குச் சொல்லிவிடும். மற்ற நேரங்களில் திரையில் 'நலம்' என்று பச்சையாகத் தெரியும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அக்கா ஒருத்தியைத் தவிர. பரிசோதனை செய்கிறவள். குழுவில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அக்கா. என்னைவிட இளையவள்தான், ஆனாலும் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே இலையை எடுத்துக்கொண்டு வருவாள். 'பட்டையில் சார்ஜ் தீர்ந்தால் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும்.'

"பட்டை செத்துப்போனாலும் கடைசியா என்ன இருந்துச்சோ அதையே காட்டுது சார். நலம்னே காட்டுது. நான் கழட்டி டப்பாவுல போட்டு வச்சுப் பார்த்தேன்" என்பாள்.

அவள் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வாயைத் திறந்ததும் அறை என்ன ஆகும் என்று நீங்கள் பார்த்ததில்லை. ஊதி வைத்த பலூனில் ஊசி குத்தியதுபோல எல்லோர் முகமும் சப்பென்று ஆகிவிடும். விழுந்து கிடக்கிற கிழவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வருவார்கள். அவரவர் அப்பா, அவரவர் அத்தை. பிறகு எந்த வித்தை காட்டினாலும் சிரிப்பு ஒட்டாது.

அதனால் ஒரு விதி கொண்டுவந்தேன். மூன்று பேர் கைவைத்தால்தான் இலை அடிமரத்தில் நிற்கும். அவளுடையது ஒற்றைக் கை. நுனிக்குப் போனது. அவள் கோபப்படவில்லை. ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய்ப் பேசியிருக்கிறாள். அடுத்த ஆட்டத்தில் நிரலாளர்கள் இரண்டு பேர் அவளோடு எழுந்து வந்து கைவைத்தார்கள். இலை அடிமரத்தில் ஏறி உட்கார்ந்தது. அதற்குப் பக்கத்தில் வடிவமைப்பாளரின் இலை. பிள்ளைகள் கைபேசியைத் திறந்ததும் 'நலம்' என்ற வார்த்தைக்கு மேலே ஒரு சூரியன் இடுப்பை ஆட்டி ஆட வேண்டும் என்று எழுதியிருந்தார். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருந்தது. அறையில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. எல்லோரும் பொறுப்பானவர்களாகிக்கொண்டிருந்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை.

"முதல்ல தேநீர் குடிச்சுட்டு வாங்க" என்றேன்.

அவர்கள் போனதும் அக்காவின் இலையை உரித்து, பின்னாலிருந்த பசையை என் சட்டையில் நன்றாகத் தேய்த்தேன். நூலும் தூசும் ஒட்டிக்கொண்டால் பசைக்குப் பிடிப்பு போய்விடும். பிறகு பூப்போல அதே இடத்தில் வைத்தேன். சூரியனை மட்டும் உள்ளங்கையால் அழுத்திவிட்டேன். மூலையிலிருந்த மின்விசிறியை இழுத்துவந்தேன்.

திரும்பி வந்தவர்களிடம், "இப்ப புயல் அடிக்கப்போகுது. தாக்குப்பிடிக்கிற இலைதான் ஜெயிச்சது" என்றேன். விசிறியைப் போட்டதும் அக்காவின் இலை முதல் ஆளாகக் கிளம்பி, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, மேலாளரின் கிரீடத்தில் போய்ச் செருகிக்கொண்டது. நான் சத்தியமாக அதைத் திட்டமிடவில்லை. அது தானாக வந்த வரம். கூரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். அவளோடு கைவைத்த இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இது காத்துல விழுந்தா விட்டுடுற விஷயமா சார்?" என்று அக்கா கேட்டாள்.

நான் பதில் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. கைவைத்தவர்களில் ஒருவனே, "விதின்னா விதிதான் அக்கா" என்றான். அவளும் கடைசியில் சிரித்துவிட்டாள். அதுதான் என் தொழிலின் உச்சம் என்று இன்றும் நினைக்கிறேன்.

சூரியன் ஆடத் தொடங்கியது. எல்லோருக்கும் பிடித்தது. பிறகு எங்கள் பட்டையைக் கட்டியிருந்த ஓர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், தனியாக இருந்தவர். பட்டையில் சார்ஜ் இல்லை. மகள் வேறு ஊரில். அம்மா இறந்த பிறகு மகள் அலுவலகத்துக்குப் போன் செய்து பேசிய பதிவை எங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். "காலையில பார்த்தேன், சூரியன் ஆடிச்சு. சாயங்காலமும் ஆடிச்சு. மறுநாளும் ஆடிச்சு. அம்மா நல்லா இருக்காங்கன்னு நான் சினிமாவுக்குப் போனேங்க." அழவில்லை. இதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

குழு சுருண்டுவிட்டது. எப்படியாவது தூக்கி நிறுத்த வேண்டும் அல்லவா? சுவரில் ஒரு படகு வரைந்தேன். நம்மை மூழ்கடித்த பாரம் எது என்று பெயர் போடாமல் எழுதி, படகுக்கு அடியில் ஒட்டச் சொன்னேன். அவர்கள் ஒட்டியவற்றோடு நானும் சில துண்டுகளை இடதுகையால் எழுதிச் சேர்த்தேன். 'அக்கா இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.' 'அக்காவுக்குத்தான் தெரியும், அக்காதான் விட்டுக்கொடுத்தாள்.' அவள் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாள். "நீங்க எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள். மற்றவர்களுக்குத் தோளிலிருந்து பாறை இறங்கினமாதிரி இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒருவர் சுமந்தால் எத்தனையோ பேர் நிமிரலாம்.

என்னை யாரும் பிடித்துக் கொடுக்கவில்லை, ஐயா. காற்றடித்து இலை விழுந்தது, தற்செயல் என்று நீங்கள் விசாரணையை முடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓர் அறை அப்படித் தற்செயலாகச் சிரித்துவிடாது. அந்த இலையில் என்ன எழுதியிருந்தது என்று படித்துவிட்டுத்தான் பசையைத் தேய்த்தேன். அந்த அம்மாவை இலை காப்பாற்றியிருக்கும். நான்தான் அதை விழவைத்தேன்.

பக்கத்து அறையில் மணிச் சத்தம் கேட்கிறதா? மேலாளர் அக்காவின் வீட்டுக்கே போய் அழைத்துவந்துவிட்டாராம். பட்டை செத்தால் கைபேசிக்குத் தெரிகிறதா என்று சோதிக்கிறார்கள். இதோ, கைதட்டுகிறார்கள். யாரோ சிரிக்கிறார்கள். அக்காதான் என்று நினைக்கிறேன்.

அதற்குள் அடங்கிவிட்டது, பாருங்கள். நான் இல்லாமல் அவர்களுக்குச் சிரிக்கவே வரவில்லை. வாக்குமூலத்தில் கையெழுத்தைப் பிறகு போடுகிறேன், ஐயா. என்னை ஐந்தே நிமிடம் அந்த அறைக்குள் விடுங்கள்.