சேற்றுக்கு மேலே மூச்சு

கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் காட்டைப் பார்த்துவிட்டு மலைமேல் சாந்தன்பாறைக்குத் திரும்பும் பஸ். எனக்கு முன் சீட்டில், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர் ஒருவரும் அவர் மனைவியும்.

“அந்த மரங்களப் பாத்ததும் உங்க நெனப்புதான் வந்துச்சு.”

“நான் என்ன, சேத்துல நிக்கிற மரமா?”

“சேத்துக்குள்ள காத்து இல்லையாம். அதான் வேரு மேல எந்திரிச்சு நின்னு மூச்சு விடுதுன்னு கைடு சொன்னாருல்ல?”

“ஆமா, அதுக்கு?”

“நீங்களும் படுத்தா மூச்சு முட்டுதுன்னுதான ராவெல்லாம் உக்காந்திருக்கீக. டாக்டர் சொல்லியும் எனக்கு மண்டையில ஏறல. வீம்புன்னு நெனச்சு, படுங்க படுங்கன்னு வஞ்சுட்டே இருந்தேன்.”

கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பியது. அவர் இருமினார்.

“இனிமே வைய மாட்டேன். நானும் கூடவே உக்காந்துக்கிறேன். சாஞ்சுக்கங்க, என் தோள் இருக்குல்ல.”