ஹெட்லி கேட்ட வியாழக்கிழமை

அவைக்குத் தலைமை தாங்கும் மீனவர் சங்கத் தலைவி பியூலா அம்மையார் அவர்களே! நியூஃபவுண்ட்லாந்தின் பனிக்கடலோடு ஐம்பது ஆண்டு மல்லுக்கட்டி மீண்ட மூத்தோரே! காற்றின் முகம் பார்த்துக் கரையிலே காத்திருக்கும் தாய்மார்களே! நாளை மறுநாள் நண்டுக்குப் புறப்படும் நண்பர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கை வெர்னாவே! படகோட்டி கார்லண்டின் பணிவான வணக்கம்.

நண்டுப் பருவத் தொடக்கத்துக்கு வாழ்த்துரை வழங்க அழைத்தீர்கள். வாழ்த்த வாய் வரவில்லை. பதினெட்டு ஆண்டு என் படகில் உழைத்த ஹெட்லி, வெர்னாவின் கணவன், இன்று எங்கே? புயல் கொண்டதா? பனிப்பாறை கொன்றதா? இல்லை, பெரியோர்களே! ஒரு பல்! ஒரேயொரு கடைவாய்ப் பல்!

சென்ற வசந்தத்தில் அந்தப் பல்லுக்கு ரூட் கேனால் செய்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார் பல் மருத்துவர். "மெல்லுற பாரமெல்லாம் இதுமேலதான் விழும். ரெண்டு வாரத்துல வந்து மேலே கிரவுன்னு ஒரு உறை போட்டுக்கோங்க, இல்லன்னா பல்லு பிளந்துரும்" என்றாராம். ஹெட்லி என்னிடம் வந்தான்.

"கேப்டன், வியாழக்கிழமை ஒருநாள் விடுங்க. கிரவுன் வைக்கணும்."

"கிரவுனா? மகுடம் சூடிக்கிட்டு ராஜா மாதிரி நண்டுக்கூடு தூக்கப் போறியா? போடா, சீசன் முடியட்டும்!"

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். ஒரு நாள் கேட்டான், ஐயா! ஒரே ஒரு நாள் கேட்டான்!

என்ன சொல்கிறீர்கள், பின்வரிசையில்? "உங்க தப்பு இல்ல, கேப்டன்" என்றா? பொறுங்கள். பல் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, "ஹெட்லி வரமாட்டான்" என்று சொன்னது யார்? அவனா? நான்! தன் அசட்டையால் செத்தான் என்று ஊர் சொன்னபோது, சவப்பெட்டியின் அருகே வாய்மூடி நின்றதும் நான்!

மூன்றாம் வாரம், நடுக்கடலில், உப்பிட்ட இறைச்சியை மென்றபோது பல் பிளந்தது. பிளவில் சீழ் பிடித்து மறுநாள் காய்ச்சல். அடுத்த நாள் தாடை வீங்கியது. "இன்னும் பாதி நண்டுக்கூடு தூக்க பாக்கிடா, தாங்கிக்க" என்றேன். தாங்கினான். கழுத்து வீங்கியது. "மூச்சு விட முடியல, கேப்டன்" என்றான். அப்போதுதான் படகைத் திருப்பினேன். எப்போது? அப்போதுதான்! மீட்பு ஹெலிகாப்டர் எங்கள் தலைக்குமேல் வந்தபோது அவன் என் மடியில் குளிர்ந்து கிடந்தான்.

வெர்னா, எழுந்து நிற்கிறாய். சொல், தங்கையே.

"அவரு மறந்துட்டாருன்னு கல்லறையில போய்த் திட்டினேனே, கார்லண்ட்! ஒரு வருஷமா திட்டினேனே!"

கேட்டீர்களா, அவையோரே?  மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

ஆனால் ஒன்று சொல்வேன். என் ஆள் ரோலண்டுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று பாதி வைத்தியத்தில் நிற்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை நானே அவனை அழைத்துப் போகிறேன். அதுவரை என் படகின் கயிறு அவிழாது! நண்டு போனால் போகட்டும்! மற்ற படகோட்டிகளே, உங்கள் ஆட்களிடம் இன்றே கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள்!

இறங்கிப் போ என்று சொல்லாமல் கேட்டிருந்தீர்கள், நன்றி. கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கரை திரும்புங்கள். வணக்கம்.