நாலு கோயில், ஒரே பாவம்

அன்னைக்கு அந்த ரூம்ல யார் யார் இருந்தாங்கன்னுதான கேட்ட? பக்கத்து வீட்டு டீச்சர்கிட்ட கேட்டதுக்கு, உங்க அக்காகிட்ட கேளுன்னு சொன்னாங்களா? சரியாத்தான் சொல்லியிருக்காங்க. உக்காரு, சொல்றேன். கட்டில்ல அம்மா. தலைமாட்டுல சாமியார். நம்ம பங்குச் சாமியார் இல்ல, வேற ஒருத்தர், அவர் கதைக்கு அப்புறம் வர்றேன். கால்மாட்டுல மெழுகுவத்தியப் பிடிச்சுக்கிட்டு நம்ம கோயில் உபதேசியார். சுவரோரமா அந்த டீச்சர், அவங்க செபமாலைய உருட்டுற சத்தம் செபத்தைவிடப் பெருசா இருந்துச்சு. உங்க அத்தான் கதவுல சாஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிறவர் மாதிரி நின்னார். அப்புறம் நான். பத்துக்குப் பத்து ரூம்ல ஆறு பேர். ஜன்னலையும் சாத்தியாச்சு, காத்து பட்டா மெழுகுவத்தி அணைஞ்சிடும்னு உபதேசியார் உத்தரவு.

நீ கேக்க வந்தது அது இல்லன்னு எனக்குத் தெரியும். கடைசியில அம்மா உன்னப் பத்தி ஏதாவது கேட்டாங்களான்னுதான் மூணு நாளா சுத்திச் சுத்தி வர்ற. அடக்கம் முடிஞ்ச பிறகு வந்து சேர்ந்தவ, ஆறு வருஷமா அம்மா முகத்தையே பாக்காதவ, கேக்க உனக்கு உரிமை இருக்கு. பதிலும் எங்கிட்ட இருக்கு. அதை நேரா எடுத்து நீட்டத்தான் எனக்கு வரல. நான் வர்ற வழியிலயே வர்றேன், குறுக்க பேசாத. காபியக் குடி, ஆறுது.

நேத்துப் பூசையில எல்லாரும் நற்கருணை வாங்க எந்திரிச்சப்ப நான் மட்டும் உக்காந்தே இருந்தேனே, முட்டி வலியான்னு கேட்ட. முட்டிக்கு ஒண்ணுமில்ல. பாவத்தை வெச்சுக்கிட்டு அதை வாங்கக் கூடாதுல்ல.

செஞ்ச பாவத்தைச் சாமியார் காதுல போட பாவசங்கீர்த்தனத்துக்குப் போறதை நான் ஒரு மாசம்கூட விட்டதில்ல. அதுல நான் செஞ்ச காரியத்தைக் கேளு. இங்க பஸ்ஸுல போற தூரத்துல, நம்ம பங்குக் கோயிலை விட்டுட்டா, நாலு கோயில் இருக்கு. நம்ம சாமியார்கிட்ட சொன்னா மறுநாள் அவர் முகத்துல முழிக்கணும். அதனால முறை வெச்சுக்கிட்டேன். ஒரு மாசம் ஆஸ்பத்திரிக் கோயில், அடுத்த மாசம் ஸ்டேஷனுக்குப் பின்னால இருக்கிறது, அதுக்கப்புறம் மடத்துக் கோயில், நாலாவது குன்று மேல. ஒரே சாமியார்கிட்ட மறுபடி போக நாலு மாசம் ஆகும். அதுக்குள்ள அவர் மறந்திருப்பார், இல்ல மாத்தலாகிப் போயிருப்பார். சிரிக்காத. நான் மட்டும் பண்றதில்ல இது. மடத்துக் கோயில் வரிசையில எனக்கு முன்னாடி நின்னது யார் தெரியுமா? இதே டீச்சர். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கலங்கிற மாதிரி கூரையப் பாத்துக்கிட்டே நின்னோம்.

சொல்றதும் சுருக்கமாத்தான். பொய் சொன்னேன் சாமி. அவ்வளவுதான். சாமியாருங்களுக்கும் அவசரம், எனக்குப் பின்னால இருபது பேர் காத்துக்கிட்டு இருப்பாங்க. சரிம்மா, மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கன்னு அனுப்பிடுவாங்க. என்ன பொய், யார்கிட்ட, எத்தனை தடவை, ஒண்ணும் கிடையாது. இருபத்தாறு வருஷமா ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்குறவ நான். பேர் எழுதாத ரத்தக் குழாயைப் பெரிய டாக்டரே அனுப்பினாலும் திருப்பி அனுப்பிடுவேன். யாரோடது, எத்தனை மணிக்கு எடுத்தது, வெறும் வயித்துலயா சாப்பிட்ட பிறகா, இது மூணும் இல்லாம கையால தொட மாட்டேன். அப்படிப்பட்ட நான் ஆண்டவர்கிட்ட மட்டும் ஆறு வருஷமா பேரில்லாத குழாயாக் கொண்டுபோய் நீட்டிட்டு, எல்லாம் சுத்தம்னு ரிப்போர்ட் வாங்கிட்டு வந்திருக்கேன்.

வெளிய வந்தா மனசு லேசா இருக்கும், இல்லன்னு சொல்ல மாட்டேன். நற்கருணை வாங்கிட்டு அழுதுகூட இருக்கேன். நான் அழுது நீ பாத்திருக்கியா? அழுவேன். ரெண்டு நாள் தாங்கும், மூணு நாள் தாங்கும். அந்த வாரம் முடியறதுக்குள்ள திரும்ப அதே பொய், அதே வார்த்தை. கடைசி கடைசியா எப்படி ஆயிடுச்சுன்னா, பொய் வாயில இருக்கும்போதே, அடுத்த முறை எந்தக் கோயில்னு மனசு தேடும். உள்ள போறதும் வெளிய வர்றதும் ஒரே கதவு, அது திறக்கிறதும் அதே ரூம்லதான். எந்தப் பொய்யா? வருது, இரு.

குன்று மேல இருக்கிற கோயிலுக்கு இந்த வருஷம் ஒரு பெரியவர் வந்திருக்கார். ஒரு காது கேக்காது. போன மாசக் கடைசி சனிக்கிழமை போயிருந்தேன். பொய் சொன்னேன் சாமின்னேன். சத்தமாச் சொல்லும்மான்னார். சொன்னேன். யார்கிட்டன்னார். எத்தனை தடவைன்னார். காது கேக்காதவர்கிட்ட சுருக்கமாப் பேச முடியுமா? முழுசையும் கொட்ட வேண்டியதாப் போச்சு. வரிசையில நின்னவங்க மரியாதைக்குப் பத்தடி தள்ளிப் போய் நின்னாங்க.

திட்டுவார்னு காத்திருந்தேன். திட்டல. நானே வாயைக் குடுத்தேன். எழுபது தடவைக்கு மேல இதையே சொல்லியாச்சு சாமி, திருந்தல, இதுக்கு மேல என்னை மன்னிக்கிறது அவருக்கே கேவலம்னேன். அவர் சிரிக்கிறார். நாப்பது வருஷமா நானும் ஒரே பாவத்தைத்தான்மா சொல்லிட்டிருக்கேன், எனக்குப் பாவமன்னிப்புக் குடுக்கிற சாமியார் என்னைவிட முப்பது வயசு சின்னவர், நான் முழங்கால் போடுறதுக்குள்ள என் பாவத்தை அவரே சொல்ல ஆரம்பிச்சிடுறார்னார். அப்புறம் சொன்னார், திருந்தினாத்தான் அருள் வரும்னு நீ உக்காந்திருக்க, அது வந்தாத்தாம்மா உன்னால திருந்தவே முடியும்னு. யார் ரெண்டு பேர்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட உண்மையச் சொல்லிடுன்னார். சொல்றேன் சாமின்னு ஒத்துக்கிட்டேன். மன்னிப்புக் குடுத்தார். அபராதம் என்ன தெரியுமா? ஒரே ஒரு பரலோக மந்திரம்.

எனக்கு அவமானமாப் போச்சு. முட்டி போட்டுக் கோயிலை மூணு தடவை சுத்துன்னிருந்தா சுத்தியிருப்பேன், சுத்தி முடிச்சு நிமிர்ந்து நடந்து வந்திருப்பேன். சும்மா குடுக்கிறதைக் கை நீட்டி வாங்க எனக்கு எந்தக் காலத்துல தெரிஞ்சிருக்கு?

மறுநாள் ஞாயித்துக்கிழமை, மத்தியானத்துக்கு மேல அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. நோயில் பூசுதல் குடுக்கணும், நம்ம சாமியார் ஊர்ல இல்ல. உபதேசியார் ஓடிப்போய், கிடைச்ச சாமியாரைக் கூட்டிட்டு வந்தார். வாசல்ல வந்து நிக்கிறது அதே பெரியவர். அவர் முன்னப் பின்ன பாக்காதவர் மாதிரி, நீங்க மகளாம்மான்னு கேட்டார். பாவசங்கீர்த்தனத்துல கேட்டதைச் சாமியாருங்க வாயால மட்டுமில்ல, முகத்தாலகூடக் காட்டக் கூடாது. உயிரே போனாலும் கூடாது.

அம்மா பாவசங்கீர்த்தனம் செய்யணும்னு எங்களை அஞ்சு நிமிஷம் வெளிய அனுப்பினார். திரும்பக் கூப்பிட்டு, அம்மா நெத்தியிலயும் ரெண்டு உள்ளங்கையிலயும் எண்ணெய் பூசினார். அம்மாவுக்கு நினைவு பிசகவே இல்ல, அதை நீ தெரிஞ்சுக்கோ. எல்லாரும் இருக்கும்போதே என்னப் பாத்து, சின்னவ பேசினாளான்னாங்க.

ஆமா, நீதான். இந்த வீட்டுல வேற யார் சின்னவ?

எல்லாரும் என்னப் பாத்தாங்க. சாமியார் மட்டும் பாக்கல, பஞ்சால விரலைத் துடைச்சுக்கிட்டே இருந்தார், எண்ணெய் போன பிறகும் துடைச்சுக்கிட்டே இருந்தார். இல்லம்மான்னேன். பழக்கத்துல வந்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன், யோசிச்சுத்தான் சொன்னேன். சொல்லி வாய மூடல, மருந்து மேசை மேல இருந்த என் போன் துடிக்குது. மணி நாலு, ஞாயித்துக்கிழமை நீ கூப்பிடுற நேரம். நீதான். கவுத்துப் போட்டேன். யாரோ கூப்பிடுறாங்க பாருன்னாங்க அம்மா. லேப்ல இருந்தும்மான்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, குனின்னாங்க. குனிஞ்சேன். நெத்தியில சிலுவை போட்டாங்க. அப்பதான் பூசின கை. அந்த எண்ணெய் அப்படியே என் நெத்தியில. தெரிஞ்சு போட்டாங்களா, தெரியாமப் போட்டாங்களா, இனிமே யாரப் போய்க் கேக்க? துடைக்கவும் முடியல, வெச்சுக்கிட்டு நிக்கவும் முடியல.

அப்படியே கொல்லைப் பக்கம் போய் உன்னக் கூப்பிட்டு, அம்மாவுக்கு உங்கிட்டப் பேச இஷ்டமில்லையாம்னு சொன்னேன். வாராவாரம் சொல்றதுதான. அம்மா இடுப்பு ஒடிஞ்சு படுத்த மாசம் நீ கல்யாணம் பண்ணிக்கிட்டுக் கிளம்பின பாரு, அன்னைக்குக் கோவத்துல ஒரே ஒரு தடவை அவங்க அப்படிச் சொன்னது நிஜம். மூணாவது வாரமே உன்னக் கேட்டுட்டாங்க. முதுகுப் புண்ணைக் கழுவிக்கிட்டிருந்தேன், ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டே கேட்டாங்க. கழுவுறது நான், கேக்கிறது உன்ன. பேசலம்மான்னேன். நீ அதுக்கு முந்தின நாள்தான் பேசியிருந்த. அதுக்கப்புறம் உங்கிட்ட அம்மா வேணாங்கிறாங்கன்னும், அம்மாகிட்ட நீ பேசவே இல்லன்னும், ஆறு வருஷம், ரெண்டு பக்கமும்.

புதன்கிழமை அவங்க போயிட்டாங்க. சொல்ல வேண்டிய ரெண்டு பேர்ல ஒருத்தர் போயாச்சு. எனக்கு அஞ்சாவது கோயில் கிடையாது.

அதனால, நீ கேட்டதுக்குப் பதில் இதுதான். கேட்டாங்க. தினமும் கேட்டாங்க.

ஏதாவது சொல்லு. திட்டணும்னா திட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்ல. எங்க எந்திரிக்கிற? பை அங்க இல்ல, பீரோவுக்குப் பக்கத்துல. நான் பேசிட்டே இருக்கேன், நீ பாட்டுக்கு... அது உன் செருப்பு இல்ல, அம்மாவோடது. ஆறு வருஷமா அங்கயேதான் கிடக்கு.

சரி. போட்டுக்கிட்டுப் போ.