கடைசிப் பக்கத்துப் பூ

எண்பதுகளில் ஒரு டிசம்பர் காலை. அரியாங்குப்பத்தில் புறப்பட்ட டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் வாடகை நூலகத்து நாவல் ஒன்று. அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"இந்த வருஷம் பூரா ஒரு ஆளு பின்னாடியே போயிருக்கேன்க்கா."

மூத்தவள் சட்டென்று திரும்பினாள். "யாருடி அது?"

"யாரு கண்டா. படிச்ச புக்க மறுபடி எடுத்துடக் கூடாதுன்னு கடைசிப் பக்கத்துல ஆளாளுக்கு அடையாளம் போடுவாங்கல்ல. ஒருத்தர் பென்சில்ல குட்டிப் பூ போடுறாரு. புடிச்ச வரிக்குக் கோடு போடுவாரு. அறுவைன்னா அதையும் எழுதிடுவாரு. பூவப் பாத்துதான் எல்லாம் எடுத்தேன்."

"அதுக்கென்ன இப்ப?"

"இதுல பாதி வரைக்கும் கோடு இருக்கு. அங்க ஒரு பக்கம் மடிச்சிருக்கு. அப்புறம் கோடும் இல்ல, பூவும் இல்ல."

"கத புடிச்சிருக்காது."

"அறுவையக்கூட முடிச்சிட்டுதான் வெப்பாரு."

"கடக்காரரக் கேக்கறது?"

"கேட்டேன். ஆளு தெரிஞ்சிருந்தா அப்பவே ஃபைன் போட்டிருப்பேன்றாரு."

முதலியார்பேட்டை வந்தது. இளையவள் எழுந்தாள்.

"நீ முடிச்சிட்டியா?"

"மடிப்பு வரைக்கும்தான். அதுக்கு மேல ஓடல. குடுத்துடப் போறேன்."

"மடிப்ப நிமுத்திக் குடு. உன்னத்தான் திட்டுவாரு."

"திட்டட்டும். அவரு திரும்பி வந்தா எங்க விட்டாருன்னு தெரிய வேணாமா?"