ஒரே ரொட்டியில் இரண்டு கடி

திரும்பிப் பார்க்காமல் மிதித்தால் போதும். பாதி மலை தாண்டியாயிற்று. பின்னால் கேட்பது என் சைக்கிளின் சத்தம்தான்... என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

பெர்மெத் தனக்குள் இப்படித்தான் சொல்லிக்கொண்டே ஏறினாளாம். என் தோழி நூர்ஜமாலின் அண்ணி அவள். ஜனவரி மாதம், மாலை நாலரை மணி. காராகோல் ஊருக்கு மேலே சிகரத்துக்குப் போகிற பனிப்பாதை. ஆள் நடமாட்டமே இல்லை.

"நாளைக்கு நாம ஏறப்போறோமே, அதே பாதையா?" என்று நடுவில் கேட்டான் எர்கின். நண்பர்கள் எல்லோரும் அன்றிரவு மலையடிவாரக் குடிலில் தங்கியிருந்தோம், கதை சொன்னது நான்.

"அதேதான். அடுப்புல விறகைப் போடு," என்றேன்.

"பயந்துட்டான் பாரு. நாளைக்கு இவன் சைக்கிள் தானா பஞ்சர் ஆகும்," என்றாள் ஜில்தீஸ். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன்.

அதற்கு முந்தின குளிர்காலத்தில் பெர்மெத்தும் அவள் கணவன் தாலாயும் இதே சிகரத்துக்குக் கிளம்பினார்கள். தடித்த டயர் போட்ட இரண்டு சைக்கிள்கள். வாசலில் மாமியார் ரொட்டியோடு நின்றாள். நம் வீடுகளில் வழக்கம்தானே... கிளம்புகிறவர் ஒரு கடி கடிக்க வேண்டும். மிச்சம் ஆணியில் தொங்கும். திரும்பி வந்து அவரேதான் அதை முடிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு ரொட்டி. அன்றைக்கு வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

"போறது ஒரே பாதை. ஒரே ரொட்டி போதும்மா," என்றான் தாலாய். ஒரு பக்கம் அவன் கடித்தான். மறுபக்கம் அவள். அவளுக்கு முன்பல்லில் ஓர் இடைவெளி உண்டு. கடித்த இடத்தில் அது அப்படியே தெரிந்தது.

பாதி வழியில் அவள் சைக்கிளின் சங்கிலி அறுந்தது. அந்த நொடியில் அவளுக்கு வந்தது வருத்தம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. குளிர் தாங்கவில்லை, மேலே தெரிந்த சரிவைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. "நீ போ, நான் இறங்கறேன்," என்றாள். நூர்ஜமாலிடம்கூட அவள் இதை வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள்.

பனி சரிந்தது. சைக்கிள் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. திரும்பி வந்த அவளும் தன் பங்கைத் தொடவில்லை, ரொட்டி ஆணியிலேயே தொங்கியது.

வருஷம் திரும்பியும் மாமியார் திதி விருந்து வைக்கச் சம்மதிக்கவில்லை. "ரொட்டி தொங்குறவரைக்கும் என் பிள்ளை வழியிலதான் இருக்கான்." ஒருநாள் மதியம், கிழவி கண்ணயர்ந்த நேரத்தில், பெர்மெத் அதை ஆணியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அவன் சைக்கிள் கிடைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தால் முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

பாதி மலை ஏறியபோதுதான் பின்னால் அந்தச் சத்தம். டிக்... டிக்... டிக்... ஃப்ரீவீல். மிதிக்காமல் உருளும்போது வருமே, அது. ஏற்றத்தில் யாராலும் மிதிக்காமல் வர முடியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம். ஆனால் அப்போது காலடியும் கேட்க வேண்டும், இல்லையா?

காலடி கேட்கவில்லை.

அந்த இடம் வந்தது. அவள் இறங்கினாள். டிக் சத்தமும் நின்றது. சங்கிலி எண்ணெய் வாசனை... அதோடு அப்போதுதான் சுட்ட ரொட்டியின் வாசனை. பையில் இருந்ததோ ஒரு வருஷம் காய்ந்து கல்லாகிப்போன ரொட்டி.

அவள் குனிந்து அதைப் பனிமேல் வைத்தாள். பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. கையுறையின் கட்டைவிரலில் சிவப்பு நூல் தையல். அவளே போட்ட தையல்.

"சங்கிலி சரியாயிடுச்சா?"

அவன் குரல்தான். கோபமே இல்லை. ஒரு வருஷமாக அவள் காத்திருந்தது ஒரு திட்டுக்கு. திட்டியிருந்தால் அழுதிருப்பாள், அழுது தீர்த்திருப்பாள். இந்த அக்கறையை என்ன செய்வது?

"உன் பங்கையும் சாப்பிடு, பெர்மெத். சேர்ந்தே போயிடலாம்."

போய்விடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. வாயில் எச்சில்கூட ஊறியதாம். எப்படிச் சைக்கிளைத் திருப்பினாள், எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. இறக்கம் முழுக்க ஃப்ரீவீல் சத்தம். அவளுடையதா, இல்லையா... இறக்கத்தில் எப்படிச் சொல்வது?

வீட்டுக்குள் நுழைந்தபோது இருட்டிவிட்டது. மாமியார் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு வருஷமாகக் காணாத நிம்மதி. தட்டில் அந்த ரொட்டி. பாதி இல்லை. மீதிப் பாதியின் ஓரத்தில், பல் இடைவெளி விழுந்த அந்தக் கடி. அதன்மேல் பனி இன்னும் உருகவில்லை.

"அவன் பங்கை முடிச்சிட்டான்டி," என்றாள் கிழவி. "உன்னுது மட்டும்தான் பாக்கி. சீக்கிரம் சாப்பிடு. பிள்ளை குளிர்ல நிக்கறான்."

வாசலுக்கு வெளியே ஏதோ சக்கரம் மெதுவாகப் பின்னுக்கும் முன்னுக்கும் உருண்டது. டிக்... டிக்.

பெர்மெத் தட்டை எடுத்தாள். ரொட்டியைப் பழையபடி ஆணியில் மாட்டினாள்.

"எனக்கு வேண்டாம் அத்தை," என்றாள்.