மீன்கொத்திக்கு நட்ட குச்சி

எழுந்திரிக்க மாட்டேன் தம்பி. நீங்க விசில் ஊதினாலும் சரி, உங்க ஆபீசரையே கூட்டிட்டு வந்தாலும் சரி. டிக்கெட் எடுத்துத்தானே சரணாலயத்துக்குள்ள வந்திருக்கேன்? கரையில உட்காரக் கூடாதுன்னு எங்கேயும் போர்டு இல்லையே. அந்தப் போட்டோக்காரங்க எடுக்கிற படத்துக்குள்ள நான் வர்றேனாம், அதான் புகாரா? நல்லா வரட்டும். நான் எழுந்தேன்னா இன்னிக்கு இங்க ஒரு பறவை செத்துடும், சொல்லிட்டேன்.

ஆமா, குளிருதுதான். கால் விறைச்சுப் போச்சு. ஆனா அங்க மறைப்புக்குள்ள உட்கார்ந்திருக்குதுங்களே, அதுங்களைப் பார்த்தாத்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசுது. பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, பீரங்கி மாதிரி லென்ஸ். இயற்கையை நேசிக்கிறாங்களாம். தூ!

இந்தக் குச்சியா? தர மாட்டேன். தண்ணியில நட்டு வச்சிருந்தாங்க, நான்தான் பிடுங்கி மடியில வச்சிருக்கேன். என்னது, தானா முளைச்ச குச்சின்னு நெனச்சீங்களா? நல்ல ஆளு போங்க, இங்கேயே வேலை பார்த்துக்கிட்டு! என் கால்கிட்ட குனிஞ்சு பாருங்க. தெரியுதா? கண்ணாடித் தொட்டி. உள்ள குட்டிக் குட்டி மீனு, கடையில வாங்கினது. இந்தக் குளிர்ல மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிடும், மீன்கொத்தி பசியில அலையும். மேல உட்காரக் குச்சி, கீழ சாப்பாடு. எத்தனை தடவை பாய்ஞ்சாலும் அதே இடத்துலதான் பாயும். இவங்க அந்த இடத்துக்கு கேமராவைச் சரி பண்ணி வச்சுட்டு, டீ குடிச்சுக்கிட்டே பட்டனை அமுக்குவாங்க. இதுக்குப் பேரு காட்டுல எடுத்த படம். கருமம்!

பசிக்குச் சாப்பாடு போட்டா என்ன தப்பா? கேளுங்க, சொல்றேன். உங்களை இங்க அனுப்பினாரே அந்த நரைச்ச தாடிக்காரர், அவர் பண்ணின காரியத்தைக் கேளுங்க. போன குளிர்காலத்துல இங்க ஒரு ஜோடி இருந்துச்சு. ஆண் பறவை பாயறப்ப தலை முழுசா தண்ணிக்குள்ள போயிடுது, படத்துல கண்ணு வர மாட்டேங்குதுன்னு இவருக்கு ஒரே குறை. தொட்டிக்கு அடியில ரெண்டு செங்கல்லை வச்சுத் தூக்கி, உள்ள இருந்த தண்ணியையும் மொண்டு ஊத்திட்டார். அப்புறம் அதுல தண்ணி எவ்வளவு நிக்கும்? ஒரு விரக்கடை. அடியில கண்ணாடி இருக்குன்னு மேலேர்ந்து வர்ற பறவைக்கு எப்படிங்க தெரியும்? வழக்கம் போல வேகமா பாய்ஞ்சுது. டக்குன்னு ஒரு சத்தம். கழுத்து ஒடிஞ்சு மிதக்குது.

இவர் அது பக்கம் திரும்பக்கூட இல்ல. கேமராத் திரையைப் பார்த்து, கிடைச்சிடுச்சு கிடைச்சிடுச்சுன்னு குதிக்கிறார். கண்ணு, அலகு, தெறிக்கிற தண்ணி எல்லாம் அவ்வளவு தெளிவாம். அப்புறம் செத்த பறவையை பூட்ஸ் காலால நாணலுக்குள்ள தள்ளி விட்டுட்டார். அந்தப் படத்துக்குத்தான் போட்டோ போட்டியில முதல் பரிசு, தெரியுமா? மேடையில ஏறி, பறவைங்க என்னை நம்புதுன்னு பேசினார். கூட்டமும் கை தட்டுச்சு. சீ! வெட்கங்கெட்ட ஜென்மம்.

அதோ அந்தச் சாய்ஞ்ச மரத்துல பாருங்க. அலகுக்குக் கீழ்ப்பக்கம் சிவப்பா இருக்கே, அது பெட்டை. அந்த ஜோடியில மிஞ்சினது. காலையிலேர்ந்து இந்தத் தொட்டியையே பார்த்துக்கிட்டு இருக்கு, பாவம். தொட்டிக்கு அடியில கையை விட்டுப் பாருங்க. செங்கல் தட்டுப்படுதா? சிநேகிதங்களுக்கு வித்தை கத்துக்கொடுக்கக் கூட்டிட்டு வந்திருக்காரு மனுஷன்.

தூக்கறீங்களா? தூக்குங்க, புண்ணியமாப் போகும். மீனைக் கொட்டிடாதீங்க, அப்படியே கொண்டுபோய் உங்க ஆபீசர் மேசையில வைங்க. அவரும் ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும். சாட்சியா? நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். அன்னிக்கு அவர் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஒண்ணு தம்பி. போற வழியில அந்தத் தாடிக்காரர்கிட்ட சொல்லிடுங்க. சுகர் மாத்திரை வண்டியில முன்சீட்டுப் பையில இருக்கு, எதையாவது சாப்பிட்டுட்டுப் போடணும், வெறும் வயித்துல போட்டா மயக்கம் வரும். என்ன முழிக்கிறீங்க? என் வீட்டுக்காரர்தான். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்னு சொல்லுங்க, நான் இப்படியே பஸ் பிடிச்சு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்.