ஆறாம் நம்பர் செருப்பும் மூணாவது ஓலையும்

...அந்தப் படத்துக்கா போறீக? அய்யய்ய, வேணாங்க்கா! சொன்னாக் கேளுங்க. கால நீட்டுங்க, இந்த மாடலப் போட்டுப் பாருங்க... பிள்ளைக படம்னு போஸ்டர்ல போட்டிருப்பான், நம்பாதீக. நானும் நம்பித்தான போனேன்? இன்னைக்கு இந்தப் போடி பஜார்ல தலை நிமுந்து நடக்க முடியுதா?

பழைய கண்ணாடிச் செருப்புக் கததான். நமக்குத் தெரியாததா? ராசகுமாரன் கூட ஆடுவா, மணி அடிக்கும், ஓடுவா, ஒத்தச் செருப்பு கழண்டு விழும். அவன் அதத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வருவான். பொருந்துச்சா, கல்யாணம், முடிஞ்சது சோலி. செருப்புக் கடைக்காரி சொல்றேன், கால் அளவ வச்சு ஆளக் கண்டுபிடிக்க முடியுமாக்கா? ஆறாம் நம்பர் ஊருக்குள்ள யாருக்குத்தான் பத்தாது? அந்த ராசகுமாரன் போடிப் பக்கம் வந்திருந்தா பாதி பஜார இல்ல கட்டியிருக்கணும்! ...இறுக்குதா? இருங்க, வாரத் தளத்தி விடுறேன்.

இப்ப எடுக்குறவுக கதையக் கதையாவா எடுக்குறாக? ஓநாய்னா நல்லவனாம். சூனியக்காரின்னா சின்ன வயசுல மனசு ஒடஞ்சு போனவளாம். எல்லாருக்கும் ஒரு சோகம், எல்லாருக்கும் ஒரு பாட்டு. அப்பறம் யாரப் பாத்துத்தான் பிள்ளைக பயப்படும்?

அத விடுங்க. எம் மக சுபாஸ்ரீ இருக்காள்ல... ஆமா, பேங்க்ல இருக்காளே, அவதான். கூடலூர்ல மாப்பிள்ள பேசுனோம். வினோத்ராஜுன்னு பேரு. ஜீப்பு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. குமுளி ஏறுற ஜீப்பெல்லாம் அவன் கடை வாசல்ல நின்னுட்டுத்தான் போகும். தங்கமான பையன். அவுக அம்மாதான் சொன்னாக, பிள்ளைக ஒரு படத்துக்குப் போயிட்டு வரட்டுமேன்னு. தனியா அனுப்ப முடியுமா? துணைக்கு நான் போனேன். தமிழ்ப் படம்னா ஒண்ணு வெட்டுவான், இல்ல கட்டிப் புடிப்பான். மாப்பிள்ள பக்கத்துல உக்காந்து எதப் பாக்க? அதான் நானே தேடித் தேடி இந்த ராசகுமாரி படத்துக்கு டிக்கெட் எடுத்தேன். இங்கிலீசுப் படந்தான்னாலும் தமிழ்ல பேசுறாக, புரியும்னு சொன்னாக.

நல்லாப் புரிஞ்சுச்சு! செருப்ப எடுத்துக்கிட்டு ராசகுமாரன் வந்து முட்டி போடுறான். இவ கால நீட்ட மாட்டேங்குறா. "ஒரு ராத்திரி பூரா என் கூட ஆடுனியே, என் மொகம் ஞாபகம் இல்லையா? செருப்பு எதுக்கு?"ன்னு கேக்குறா. தியேட்டர்ல அம்புட்டுப் பேரும் திரையவே பாக்குறாக. நம்ம மாப்பிள்ள மட்டும், "ஆக்சில் வந்துருச்சு, கிளட்ச் பிளேட்டு நாளைக்கு"ன்னு போன்ல பேசிக்கிட்டு இருக்கான். அவனக் குத்தம் சொல்ல முடியாது, யாவாரம் அப்படி. ஆனா எம் மக திரும்பி அவன ஒரு பார்வ பாத்தா பாருங்க... அங்கன புடிச்சது சனி.

நீங்க நம்ம சர்ச்சு இல்லையில்ல? எங்க சபையில கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு ஓல வாசிப்பாக. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தாச் சொல்லலாம்னு பாஸ்டரய்யா கேப்பாக. யார் சொல்லப் போறா? எல்லாரும் பாட்டுப் புஸ்தகத்தப் பெரட்டிக்கிட்டு இருப்போம். ரெண்டு ஓல நல்லபடியா முடிஞ்சிருச்சு. மூணாவதுக்கு மாப்பிள்ள வீட்டாளுகளையும் வரச் சொல்லி, ஆராதனை முடிஞ்சதும் வீட்ல பிரியாணி. பாஸ்டரய்யா, "ஆட்சேபணை உண்டா?"ன்னாக. பொம்பளைக பக்கம் ஒரு கை ஒசந்துச்சு. யாருன்னு பாக்குறேன்... கல்யாணப் பொண்ணு!

பாட்டுப் புஸ்தகத்தக் கீழ போட்டுட்டேன்க்கா.

"ஆட்சேபணை இல்ல ஐயா, ஒரு கேள்வி. எங்கம்மா குடுத்த பயோடேட்டாவுல இல்லாத ஒரு விசயம், என்னையப் பத்தி, ஒண்ணே ஒண்ணு, இவுக சொல்லட்டும்"ங்குறா. சபை நடுவுல! பாஸ்டரய்யா கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறாக. வினோத்ராஜு எந்திரிச்சான். வேர்த்து ஊத்துது. மேல பாக்கான், ஃபேனப் பாக்கான், அவுக அம்மாவப் பாக்கான். கடைசில, "அவுகளுக்கு... ஆறாம் நம்பர் செருப்பு"ன்னான்.

சிரிக்காதீக! கல்யாணச் செருப்பு எடுக்க அவுக அம்மா அளவு கேட்டாக, நாந்தான் சொல்லியிருந்தேன். சபையே குலுங்கிப் போச்சு. பாடகர் குழுவுல ஒருத்தரும் நேரா நிக்கல. பாஸ்டரய்யா மூணாவது ஓலைய மடிச்சு வச்சுட்டு, "அடுத்த ஞாயிறு பாத்துக்குவோம்"னுட்டாக. அம்புட்டுப் பிரியாணியும் அண்டாவுலயே கெடக்கு. எங்க வீட்டுக்காரரு ஞானசிகாமணி மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி ரெண்டு தட்டு சாப்புட்டாக.

மறுநா போன் வருது. "அத்தை, ஒரு விசயம் சொல்லிக் குடுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள மனப்பாடம் பண்ணிர்றேன்"ங்குறான். பாவம். சொல்லிருவோம்னு வாயத் தொறந்தேன்... வரலக்கா. படிச்சது, வேல பாக்குறது, ஒசரம், பாட்டு வகுப்புக்குப் போனது, எல்லாத்தையும் நானே பயோடேட்டாவுல எழுதிட்டேன். அதுக்கு மேல பெத்தவ எனக்கே ஒண்ணும் தெரியல. போனக் கையில வச்சுக்கிட்டு அழுகையா வந்துருச்சு. "நீ அவகிட்டயே கேளு தம்பி"ன்னு வச்சிட்டேன்.

எங்க வீட்டுக்காரர மட்டும் என்ன சொல்ல? எனக்கு டீ புடிக்குமா காப்பி புடிக்குமான்னு கேட்டுப் பாருங்க, ஒங்களையே திருப்பிக் கேப்பாக. நல்ல மனுசன்தான். நானும் இத்தன வருசமா அதச் சொன்னதில்ல.

நேத்து பாத்தா, கூடலூர்ல இருந்து பஸ் ஏறி வந்து நிக்கிறான் வினோத்ராஜு. போன அணச்சுப் பையில போட்டுட்டு, இந்த நீங்க உக்காந்திருக்குற ஸ்டூல்லயே உக்காந்து, பேங்க் விட்டு வந்த சுபாஸ்ரீ கூடப் பேசுறான், பேசுறான், கடை சாத்துற வரைக்கும் பேசுறான். என்னடீ சொன்னான்னு கேட்டா, "ஞாயித்துக்கிழம சபையில கேட்டுக்கோம்மா"ங்குறா. மொகத்துல சிரிப்பு வேற! மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கவ நானு, எங்கிட்டச் சொல்ல மாட்டாளாம்.

என்னது? அவளுக்கு அம்புட்டுத் தைரியம் எங்கன இருந்து வந்துச்சா? எல்லாம் அந்தப் படந்தான்! வேற யாரு சொல்லிக் குடுப்பா?

...இல்ல, தியேட்டர்ல அந்தப் பொண்ணு ராசகுமாரனக் கேட்ட எடத்துல நான் லேசா எந்திரிச்சேன். லேசாத்தான். "கேளு ஆத்தா, நல்லாக் கேளு!"ன்னு ஒரு சத்தம். மூணு வரிசை திரும்பிப் பாத்துச்சு, அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணுமில்ல.

ஆட்டோவுல வாறப்ப அவதான் கேட்டா, "ஏம்மா, அந்தப் பொண்ணு கேட்டது சரியா?"ன்னு. சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்க்கா, சத்தியமா... "இவ என்னடீ, வீட்டு வாசல்ல வச்சு ரகசியமாக் கேக்குறா? நானா இருந்தா சபை நடுவுல எந்திரிச்சுக் கேட்டிருப்பேன்"னு.